நான் தொட்ட வரிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் சவுசவுவில் மழை விட்டதா? பிரிஸ்பேனில் நான் நலமாகவே இருக்கிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. படகு டிக்கெட் பதிவு செய்யும் எங்கள் கணினி புரோகிராமில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கணினி காட்டிக்கொடுத்துவிடும். தவறு யார் பெயரில் வருகிறதோ, அவர் மேசையில் ஒரு துணி முதலையை வைப்பார்கள். நான் சும்மா இருக்காமல், கோணல்மாணலாகக் கிடந்த பழைய வரிகளை நேராக்கி வைத்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் நாலாயிரம் வரியும் என் பெயருக்கு வந்துவிட்டது. விடுமுறை நெரிசலில், அவற்றில் ஒரு வரியிலிருந்த தவறால் டிக்கெட் பதிவு நின்றுபோனது.

மேலாளர் டிரெவர் முதலையோடு வந்தார். "லித்தி, எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்கு. தொட்டவ படிச்சுப் பாத்திருக்க வேணாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு, அந்தத் தவறான வரியில் எனக்கு முன் யார் பெயர் இருந்தது என்று தேடினேன். ஆறு வருடத்துக்கு முன் அதை எழுதியவர் டிரெவர். என் விசாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். பக்கத்து இருக்கை லாக்லன் என் திரையை எட்டிப் பார்த்தான். "நான் எதையும் பாக்கல, லித்தி," என்று திரும்பிக்கொண்டான். நானும் அந்தத் திரையை மூடிவிட்டேன்.

விசா டிசம்பரில் முடிகிறது. என் அறையைத் தங்கை மேரேவுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கட்டிலையும் விற்க வேண்டாம்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். முதலையையும் எடுத்து வரச் சொல்கிறார்கள்.

உங்கள் மகள்,
லித்தியானா