முன் டயரின் உள் ஓரம்

மார்ச் 3

முன்னறையில் நான்கு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வெளியே மழை, இன்று ஒரு நாள் மட்டும் என்றார் இவர். இந்த வீட்டில் எந்த ‘இன்று ஒரு நாள்’ ஒரு நாளோடு போயிருக்கிறது?

இவருடைய நண்பர் வேறு வண்டிக்கு மாறிவிட்டாராம். பழைய ரிம்மையும் அதிலிருக்கும் டயரையும் நம் தலையில் கட்டிவிட்டார். இப்போது இருப்பதைவிட அகலம். அகலம் கூடினால் திருப்பத்தில் பிடிப்பு கூடும், சரிதான். நம் வண்டிக்குள் அடங்குமா என்று கேட்டேன். “அளவெல்லாம் பாத்துட்டேன்மா.” இவர் அளவு பார்த்து வாங்கிய தொட்டில்தான் படுக்கையறைக் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவிடாமல் நிற்கிறது.

ஆனால் ஒன்று. பாப்பா அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் முறை! சோபா, நாற்காலி, என் முழங்கால், எதையும் பிடித்து நிற்காதவள் ரப்பரைப் பிடித்து நின்றாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா, இதான் பிடிப்பு!”

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, ஏப்ரல் கடைசி ஞாயிறு நடக்கும் கார்ப் போட்டிக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்னைக் கேட்காமல். நான் ஓட்டுவதாக இல்லை என்றேன். “முன்னாடி என்னைவிட வேகமா ஓட்டினவ நீதானே?” முன்னாடி என்பது முன்னாடி. பாப்பா வயிற்றில் வந்த பிறகு நான் வண்டி ஓட்டியது கடைக்குப் போக மட்டும். அதுவும் இவருடைய அக்கா, என் அண்ணி, அவர்களுடைய பெரிய வண்டியில், மாட்டுவண்டி வேகத்தில். வளைவு வந்தாலே வயிற்றுக்குள் ஒரு கேள்வி இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு? இவர் இருக்கிறார், அண்ணி இருக்கிறார்கள், தெரியும். தெரிந்து என்ன?

மார்ச் 5

பாப்பா டயரை நக்கிவிட்டாள். நான் கத்தினேன். இவர்: “ரப்பர் எவ்ளோ மிருதுன்னு பாக்குறா, விடு.”

மார்ச் 9

சக்கரம் ஏறியது. உரசுகிறது.

நேராகப் போனால் சத்தமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் வலப்பக்கம் உள்ளேயிருந்து ‘கர்ர்’. இவர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துப் பார்த்தார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். டயரின் உள்பக்கம், சக்கரக்குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் பட்டு, அங்கே பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கிறது.

ரிம்மை ஒரு நூல் வெளியே தள்ளினால் போதும். நடுவில் மெல்லிய தட்டு ஒன்று போடலாம் என்றார். தட்டு போட்டால் நட்டு பிடிக்க மரை மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். யோசித்தார். யோசித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அதுவரை யோசிக்கவில்லை என்று. நீளமான போல்ட் வாங்கி வந்த பிறகுதான் போடவிட்டேன். நட்டை நானே இறுக்கினேன். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, பிறகு மறுபடியும் ஒரு முறை, பிறகு சும்மா ஒரு முறை.

“இன்னும் ஒரு தடவ இறுக்கினா போல்ட்டே அழும்” என்றார். அழட்டும்.

தரையில் படுத்து எவ்வளவு நாளாயிற்று. முதுகெல்லாம் எண்ணெய்க் கறை. அந்தச் சட்டையை ஏன் உடனே துவைக்கப் போடவில்லை என்று தெரியவில்லை.

மார்ச் 17

இவர் பயிற்சிக்குப் போய்வந்தார். நானும் பாப்பாவும் போகவில்லை. வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கை, நாங்களோ மூன்று பேர். அண்ணி வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார்கள், நான்தான் வெயில் என்று சாக்குச் சொன்னேன். அண்ணிக்கு இதைப் பந்தயம் என்று புரியவைக்கவே முடியாது. “எதிர்ல ஒரு வண்டி கெடையாது. காலி மைதானத்துல ஆரஞ்சு தொப்பிய வரிசையா வச்சு, ஒவ்வொருத்தரா அதச் சுத்திச் சுத்தி ஓட்டிட்டு, கடிகாரத்தப் பாத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவீங்க. தொப்பி விழுந்தா அதுக்கு வேற தண்டனை!”

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டயர் சூட்டை அளந்து காகிதத்தில் எழுதி வந்திருந்தார். வெளி ஓரம் மட்டும் கொதிக்கிறது, உள் ஓரம் அவ்வளவாக இல்லை. திருப்பத்தில் டயர் வெளிப்பக்கமாகப் புரண்டு படுக்கிறது. சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்க்க வேண்டும் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழந்தை முதல் வார்த்தை பேசின மாதிரி.

அப்புறம்தான் கேட்டேன், எதை வைத்து அளந்தீர்கள் என்று.

பாப்பாவுக்கு ஜுரம் பார்க்கும் கருவி.

“நெத்தியில வைக்கிறத எடுத்துட்டுப் போயி ரோட்டுல உருண்டதுல வைப்பீங்களா?”

“தொடவே இல்லம்மா. ரெண்டு விரல் தள்ளிதான் புடிச்சேன்.”

மார்ச் 19

பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

மதியம் பாப்பா சிணுங்கிக்கொண்டே இருந்தாள். பால் குடிக்க மறுத்தாள். தொட்டால் கதகதவென்று இருந்தது. கருவியை எடுத்து நெற்றிக்கு நேரே பிடித்தேன். 35.2. 37 காட்ட வேண்டும். மறுபடி. 35.1. சூடு குறையுது! குழந்தை உடம்பு ஜில்லுன்னு ஆகுதுன்னா என்ன அர்த்தம்? ஐயோ எனக்கு ஒண்ணுமே ஓடல. ஸ்வெட்டர் போட்டேன், சாக்ஸ் போட்டேன், போர்வைக்கு மேல போர்வை சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அண்ணிக்கு போன் பண்ணேன். இவருக்குப் பண்ணணும்னுகூடத் தோணல.

அண்ணி நர்ஸ். வந்ததும் பாப்பாவின் கழுத்தில் கை வைத்தார்கள். அப்படியே என்னைப் பார்த்தார்கள்.

“ஏம்மா, இவ எங்க குளுந்து போறா? அடுப்பு மாதிரி கொதிக்கிறா. அவுத்து விடு இதையெல்லாம்.”

கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார்கள். அதில் மனிதரை அளக்க ஒரு அமைப்பு, பொருளை அளக்க ஒரு அமைப்பு. இரண்டுக்கும் கணக்கு வேறாம். கருவி பொருள் அமைப்பில் இருந்தது. டயருக்காக மாற்றியவர் திருப்பி மாற்றவில்லை. இப்போது காட்டியது 38.3.

சாதாரண ஜுரம்தான், பல் வருகிற சமயம், சளியும் கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். துணியை எல்லாம் எடுத்ததும் பாப்பா பெருமூச்சு விட்டாள், பெரிய மனுஷி மாதிரி. இவர் வேலையிலிருந்து ஓடிவந்தபோது அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். “வாடா. உன் பொண்ண டயர்னு நெனச்சு காத்து எறங்குதான்னு பாத்துக்கிட்டிருந்தோம்.”

“அக்கா, ப்ளீஸ்கா.”

இவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை. என் கை சூடு என்று சொன்னது. நான் கையை விட்டுவிட்டு எண்ணை நம்பினேன். ஜுரத்தில் கிடந்த பிள்ளைக்குப் போர்வை சுற்றியது நான்தானே?

மார்ச் 21

ஜுரம் இறங்கிவிட்டது. இரண்டாவது கருவி வந்துவிட்டது. அதன் மேல் இவர் ‘டயர் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். பாப்பாவுடையதில் ‘பாப்பா மட்டும்’. அண்ணி வந்து பார்த்துவிட்டு, “உன் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிக்கோடா” என்றார்கள்.

ஏப்ரல் 6

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

இவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், சும்மா, முன் டயரில் கை வைத்தேன். வெளி ஓரம் நன்றாக இருந்தது. கையை உள்பக்கம் விட்டேன், கண்ணுக்குத் தெரியாத பக்கம். ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு. எதிர்த்திசையில் தடவினால் பூனை நாக்கு மாதிரி பிடித்து இழுத்தது. இன்னும் உள்ளே போனால் மொழுக்கென்று இருந்தது. அதற்கும் அப்பால் ஏதோ விரலில் குத்தியது.

நூல். டயருக்குள் இருக்கிற நூல் வெளியே வந்திருந்தது.

இவரை ஒன்றும் சொல்லாமல் கூப்பிட்டு, கையைப் பிடித்து அங்கே வைத்தேன். இவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பயிற்சி முடிந்த வாரம் நான் சொன்னபடி சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்திருக்கிறார். சாய்த்தால் சக்கரம் பார்க்கும் திசையும் கூடவே மாறிவிடும். அதையும் நேராக்க வேண்டும். நாளை நாளை என்று விட்டுவிட்டு அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வந்திருக்கிறார். இரண்டு முன் சக்கரமும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தபடியே நெடுஞ்சாலை முழுக்க ஓடியிருக்கின்றன. ஏற்கெனவே பாதி தேய்ந்த, மிருதுவான டயர். மைதானத்தில் தேய்வது வெளி ஓரம் என்பதால் தினமும் அதை மட்டும் பார்த்தாராம்.

“திங்கக்கெழம இதுலதான் வேலைக்குக் கெளம்பியிருப்பேன்” என்றார், மெதுவாக.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள். இவருக்கு என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

ஏப்ரல் 7

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 14

புது டயர் போட்டு, சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட்டும் பார்த்து வண்டி வந்துவிட்டது. புது டயரை எடுத்ததும் போட்டியில் விரட்டக்கூடாது. மேலிருக்கும் வழுவழுப்பு போகும்வரை நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். இவருக்கு வாரம் முழுக்க வேலை.

“நான் அண்ணிகிட்ட பாப்பாவ விட்டுட்டு ஓட்டிட்டு வரேன். டயருக்காக” என்றேன்.

“டயருக்காக” என்றார் இவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஏப்ரல் 16

போனேன். நட்டை எல்லாம் சரிபார்த்துவிட்டு. இருக்கையை முன்னால் இழுத்ததும் பழைய இடம் ‘டக்’கென்று அகப்பட்டது. தெருமுனை வரை மாட்டுவண்டி வேகம்தான். கடைகளைத் தாண்டி, பழைய கிடங்குக்குப் பின்னால் யாரும் வராத சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போட்டேன். உரசவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். உரசவில்லை.

வந்த வேலை முடிந்துவிட்டது. பிறகு எதற்கு இன்னும் ஒரு வட்டம்? அதற்கடுத்து, கொஞ்சம் வேகமாக, எதற்கு இன்னும் ஒன்று?

வயிற்றுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. போகவில்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணி என் முகத்தைப் பார்த்தார்கள். “என்னம்மா, டயரு நல்லா பழகிடுச்சா?”

“கொஞ்சம் பாக்கி இருக்கு அண்ணி.”

“நாளைக்கும் பாப்பாவ விட்டுட்டுப் போ. பயம் போனப்புறம் ஓட்டுறேன்னு உக்காந்திருந்தா பல்லு போயிரும், பயம் போகாது.”

ஏப்ரல் 19

இவரிடம் என் பெயரைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுக்கவே இல்லையாம். எப்படிப்பட்ட மனுஷன்! தலையணையால் அடித்தேன்.

ஏப்ரல் 28

ஓட்டிவிட்டேன்! இரண்டு ஆரஞ்சு தொப்பியைத் தள்ளிவிட்டேன், ஒன்று வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கடைசி வரை கூடவே வந்தது. அண்ணி மடியில் பாப்பா அத்தனை சத்தத்திலும் தூங்கியிருக்கிறாள்.

ஜூன் 22

இன்று முன் டயர்களைக் கழற்றிப் பார்த்தோம். உள் ஓரம் சீராக இருக்கிறது. வெளி ஓரம்தான், குறிப்பாக இடப்பக்கம், நன்றாகவே போயிருக்கிறது.

“இது என் தேய்மானம் இல்ல. நான் இவ்ளோ முறுக்கி ஓட்ட மாட்டேன்” என்றார் இவர்.

“அதான் உங்க நேரம் அப்படி இருக்கு.”

சிரிக்கவில்லை. ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். “மாத்திடலாம்மா. எதுக்கு வம்பு? இந்த ஞாயித்துக்கெழம வேணாம், அடுத்த தடவ ஓட்டிக்கலாம்.”

நான் முழு டயரையும் சுற்றித் தடவினேன், இரண்டு திசையிலும், உள்ளேயும் வெளியேயும். பள்ளத்துக்குள் மிச்ச அளவைக் காட்டும் மேடு வரை இன்னும் தேயவில்லை. ரிம்மில் வெளிப்பக்கத்தை உள்ளாகத் திருப்பி மாட்டினால் இன்னும் ஒரு ஞாயிறு தாராளமாகத் தாங்கும் என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“இன்னொரு தடவ பாத்துடேன்.”

பார்த்தேன். டயரை அல்ல, இவரை. பாவமாக இருந்தது. கன்னத்தில் கருப்பாகும் என்று தெரிந்தும் தட்டிக்கொடுத்தேன்.

ஞாயிறு முதல் ஓட்டம் என்னுடையது. சீக்கிரம் தூங்க வேண்டும்.