தாய்மாமன் இல்லாத வீடியோ

பெப்ரவரி 3, செவ்வாய்

தெருவெல்லாம் பனி வழுக்கல். பஸ் பிந்தியது. மதியம் தம்பியின் புது வக்கீல் அமெரிக்காவிலிருந்து போன் எடுத்தார். மாநில நீதிமன்றங்களில் எல்லாம் தோற்றாயிற்று. மிச்சம் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றுதான். இதுவும் போனால் கிழவனாகத்தான் வெளியே வருவான்.

அவன் செய்ததாகச் சொல்லும் கடைக் கொள்ளை நடந்த நேரம் தம்பி நின்றது அக்கா மகள் மது பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில். அப்போது அக்கா குடும்பம் அமெரிக்காவில். எனக்கு விசா கிடைக்கவில்லை, அதனால் நான் சாட்சி இல்லை. பழைய வக்கீல் ஒருவரையும் விசாரிக்கவில்லை. சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்த்து, ஆள் இதில் இல்லையே என்று விட்டுவிட்டாராம்.

தாய்மாமன் எப்படி இல்லாமல் போவான்?

பெப்ரவரி 5, வியாழன்

அக்கா, அத்தான் வீடு. அத்தான் இப்போது இங்கே ஒஸ்லோவில் பெரிய மனிதர். கோயில் நிர்வாகம், மேடை, மைக்.

வீடியோ போட்டோம். மதுவின் தலையில் தண்ணீர் விழுகிறது, ஊற்றுகிறவர் இல்லை. தேங்காய் உடைந்து கிடக்கிறது, உடைத்தவர் இல்லை. தம்பி பிடிபட்டதும் அத்தான் வீடியோக்காரனிடம் சொல்லி வெட்டிவித்தாராம்.

“ஜெயிலுக்குப் போனவன்ர முகத்தை நாலு சனத்துக்குப் போட்டுக் காட்டேலுமே?”

வெட்டாத வீடியோ? அழித்தாயிற்று. சாட்சியையே வெட்டி எறிந்துவிட்டு அதைப் புத்தி என்று நினைக்கிற மனிதர். அக்கா ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தம்பி அங்கேதான் நின்றான் என்று நீதிமன்றத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி கேட்டேன்.

“மதுவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. இப்ப இதைக் கிளறாதையும்.”

“அப்ப தம்பி?”

“அவனுக்கு அங்கை சாப்பாடு குடுக்கிறாங்கள்தானே.”

ரோல்ஸைத் தொடாமல் வந்தேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வாங்க: பால், முருங்கைக்காய், சப்பாத்துக்கு மை.

கோயிலில் அத்தான் மைக்கில்: “சிறையில வாடுற எங்கட உறவுகளுக்கு நாங்கள்தான் குரல் குடுக்கோணும்.” கைதட்டல். பட்டுவேட்டிக்குள் இவ்வளவு பொய் எப்படிக் கொள்கிறதோ.

பெப்ரவரி 11, புதன்

மது திராமன் நகர ஆஸ்பத்திரியில் வேலை முடித்து நேரே வந்தாள். தாய் எல்லாம் சொல்லிவிட்டாளாம்.

“சித்தி, தேங்காய் உடைக்கேக்கை மாமான்ர கையில வெட்டிப்போட்டுது. ரத்தத்தைக் கண்டு நான் அழுதனான். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லலாம்தானே?”

“உன்ர பேச்சுக்கால்?”

“இதைக் கேட்டு ஓடுறவன் ஓடட்டும்.”

என் மேசையிலேயே லாப்டொப்பைத் திறந்து தட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

“மாமா ஏன் வீடியோவில இல்லை எண்டு கேப்பினம். அப்பா வெட்டிவிச்சவர் எண்டு எழுதட்டோ?”

“எழுது. முழுப் பேரையும் போடு.”