மருமகனுக்கு அனுப்பிய செய்திகள்

2024 நவம்பர் 9
இன்று அமெரிக்காவில் மூன்று துப்பாக்கிச் சூடுகள். பதுளையில் மழை. மூன்று சூட்டுச் செய்திகளையும் டெக்சாஸில் இருக்கும் மகள் நிசாந்தினிக்கும் மருமகன் ஆரூரனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்கள் நாட்டில் நடப்பதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு அனுப்பிய கை.

மனைவி யோகமலர் சொல்கிறாள்: "செய்தி வாசிக்கிறவளுக்கெண்டாலும் சம்பளம் குடுக்கினம். நீங்கள் சும்மா இருந்து அந்தப் பெடியனை வெருட்டுறியள்."

நவம்பர் 24
ஐந்து காணொளிகள். ஒன்றில் 'அடுத்தது உங்கள் வீடா?' என்று சிவப்பு எழுத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வியாகப் பட்டது. அனுப்பினேன்.

டிசம்பர் 8
நிசாந்தினி பேசினாள். "அப்பா, இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ. இவர் நித்திரை கொள்ளுறேல்லை. துவக்கு வாங்கிப்போட்டார்."

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் எல்லாரிடமும் துப்பாக்கி இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது குடை. ஆரூரன் அந்தத் துவக்குகளுக்குப் பயந்து அமெரிக்கா போனவன்.

டிசம்பர் 15
ஒரு கிழமை ஒன்றும் அனுப்பவில்லை. இன்று அங்கே ஒரு கடைத்தொகுதியில் சூடு. மருமகனுக்கு மட்டும் அனுப்பினேன்.

2025 ஜனவரி 4
மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழகர் வந்தான். கொழுந்து பறிக்கும் நல்லம்மாவின் ஒரே பிள்ளை. மகள் இருக்கும் நகரத்தில்தான் புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கிறான். அவன் படிவங்களை நிரப்பியது நான். விடுமுறை முடிந்து திரும்புகிறான். யோகமலர் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கொடுத்துவிட்டோம்.

"போன் பண்ணிட்டே போறேங்க ஐயா."

"எங்கட வீட்டுக்குப் போக என்ன போன்? நிசாந்தினி திடுக்கிடட்டும். முன்கதவு திறக்காட்டி, பின்பக்கம் போய்க் குசினிக் கதவைத் தட்டு."

தெரிந்தவர்கள் இங்கே அப்படித்தான், சமையலறை வழியாக வருகிறார்கள். முன்கதவால் வருகிறவர் கிராம சேவகர் ஒருவரே.

ஜனவரி 12
காலை ஏழு மணிக்கு நிசாந்தினி. அழுகைதான் முதலில் கேட்டது. ஆரூரன் வீட்டில் தனியே இருந்திருக்கிறான். முன்கதவு மணி அடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்கியிருக்கிறான். பிறகு பின்பக்கம் காலடிச் சத்தம். குசினிக் கதவில் தட்டல். கண்ணாடிக்கு அப்பால் தன்னைப் போலவே கறுத்த ஒரு பெடியன், கையில் பொதி.

ஒரு வெடி.

நான்தானே சொன்னனான். குசினிக் கதவைத் தட்டெண்டு நான்தானே—

ஜனவரி 13
அழகர் போய்விட்டான்.

ஜனவரி 15
அந்த ஊர்த் தொலைக்காட்சியில் இருபது வினாடி: 'பின்வாசலில் மர்ம நபர்; வீட்டுக்காரர் தற்காப்பு.' பொதியிலிருந்த சிவந்த தூளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அது மிளகாய் என்று உறுதியாகும்வரை அழகர் சந்தேக நபர்.

இந்தக் காணொளியை எனக்கு ஐந்து பேர் அனுப்பினார்கள். 'கவனம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஜனவரி 29
பெட்டி வந்துவிட்டது. அடக்கத்துக்கு யோகமலர் மட்டும் போனாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

பெப்ரவரி 20
வழக்கு இல்லை. ஆரூரன் பயந்தது நியாயமான பயம் என்று முடிவாகியிருக்கிறது. அவன் வேலைக்குப் போவதில்லையாம். குளியலறைக்குள் இருந்து அழுகிறானாம்.

பெப்ரவரி 23
மடுல்சீமைக்குப் போனேன். தோட்டத்து லயக் குடியிருப்பின் வாசலில் நல்லம்மா பலகையைத் துடைத்துப் போட்டாள். தேநீர் தந்தாள்.

"ஒங்க மருமகன் சாப்புடுறாருங்களா?"

"ஓம்" என்றேன்.

பிறகு கேட்டாள்: "எம்புள்ள அதிர்ந்துகூடப் பேச மாட்டானுங்க. அவனப் பாத்து எதுக்குங்க ஐயா அவரு பயந்தாரு?"

பதில் என்னிடம் இருந்தது.

தேநீர் ஆறிப்போகுது என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.