மூடிவைத்த தட்டு

நேற்று மதியம் புக்கிட் செந்தோசாவில் உன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, அதன் மேல் கவிழ்த்துவைத்த இன்னொரு தட்டு. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை காலம் கழித்தும் உன்மேல் இவ்வளவு கோபம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, கிராணி. அதை உன்னிடமே இறக்கிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீ பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி, நான் மருந்தகத்து டிரசர். ஊசி, கட்டு, மாத்திரை எல்லாம் என் கையில்தான். டாக்டர் மாதம் இரண்டு முறை எட்டிப்பார்ப்பார். தினமும் நூறு பேர் வாளியை நிறுத்து எழுதிய உனக்கு உன் எடை மட்டும் தெரியாது. என் தராசில் நூற்றிருபது கிலோவுக்கு மேல் முள் போகாது. நீ ஏறினால் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பர் ஷீட் நிறுக்கும் மேடைத் தராசில் உன்னை ஏற்றினேன். நூற்று முப்பத்தெட்டு.

“வாளி எடையக் கழிக்கிற மாதிரி காச்சட்டை எடையக் கழிச்சுக்கய்யா டிரசரே,” என்றாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிப்பு நீர் வியாதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. கேட்டால், “எங்கப்பாவும் இப்படித்தான்யா, உடம்பு வாகு,” என்பாய். சோறு ஒரு கிண்ணம், கோப்பியில் சீனி கூடாது, பொரித்த வாழைப்பழம் பீசாங் கோரேங் கூடவே கூடாது என்று ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சோற்றுப் பருக்கையை நசுக்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் கை, உன் வாய், யாரும் உனக்கு ஊட்டிவிடவில்லை என்று நான் கத்தாத வாரம் கிடையாது. நீயும் தலையை ஆட்டாத வாரம் கிடையாது.

ஒருநாள் மதியம் மாத்திரை கொடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தாய். கை கழுவ எழுந்திருப்பாய் என்று பார்த்தால், ஓரத்தில் மூடியிருந்த தட்டை இழுத்துத் திறந்தாய். அதில் இன்னொரு ஆள் சாப்பாடு, பொரித்த மீனோடு. உன் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது யாருக்கு தங்கச்சி?” என்று கேட்டேன்.

“பையனுக்கு எடுத்து வச்சதுண்ணே. வரமாட்டான்னு தெரியும். கை கேக்க மாட்டேங்குது.”

“கொட்ட முடியுமாய்யா? சோறு,” என்றாய் நீ. என் முகத்தைப் பார்க்காமல் பிசைந்தாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் மகன் ஐந்தாம் படிவத் தேர்வில் தோற்றுப்போன செய்தி வந்த காலையில், பால் நிறுக்கும் இடத்தில், வாளியோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், “உனக்குப் போடற சோறு தண்டம்டா,” என்று சொன்னாய். பையன் அன்று சாப்பிடவில்லை. அம்மா மூடிவைத்த தட்டைத் திறக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு செரண்டாவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றைய சோற்றை நீ சாப்பிட்டாய். மறுநாள் சோற்றையும் சாப்பிட்டாய். நான் அதைக் கண்டுபிடித்தபோது மூன்று வருடம் ஓடியிருந்தது. தீபாவளிக்கு அவனுக்கென்று தனியாக எடுத்துவைத்த முறுக்கு டின்னை மூன்று வருடமும் நீதான் காலி செய்திருக்கிறாய். தண்டம் என்று சொன்ன சோறு ஒரு பருக்கை வீணாகக் கூடாது என்று உனக்கு ஒரு வீம்பு. அதை வீம்பு என்பதா, அழுகை என்பதா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் கோபம் போய்விடுமா? மனசு சரியில்லை என்று சாப்பிட்டாய், சரி. சாப்பிட்டு மனசு சரியானதா? பையன் இருந்தது செரண்டாவில்தான், சீமையில் இல்லை. இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம். மூன்று வருடச் சோற்றைச் சுமக்க முடிந்த உனக்கு, “ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்டா” என்ற ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு போக முடியவில்லை.

நான்தான் கிளப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி தூக்குச் சட்டியில் கோழிக் குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ராவாங்கில் இறங்கினோம். செரண்டா பேருந்து வர அரைமணி நேரம் இருந்தது. உனக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, கல்லில் ரொட்டி சானாய்.

“வெறும் வயித்தோட போயி என்னத்தப் பேசறது? ஒண்ணே ஒண்ணுலா,” என்றாய்.

ஒரு ரொட்டி சானாய் நான்கானது. பேருந்து வந்து நின்றது. நீ பார்த்தாய், நானும் பார்த்தேன். நீ ஐந்தாவதைச் சொன்னாய். பேருந்து போய்விட்டது.

“அடுத்த மாசம் போலாம்யா. இன்னைக்கு அவனுக்கு வேலை இருந்தாலும் இருக்கும்.”

திரும்பி வரும் வழியில், பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும், மடியில் இருந்த தூக்குச் சட்டியையும் திறந்தாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டு வாசலில் காலிச் சட்டியை வாங்கிய உன் மனைவி, “எல்லாத்தையும் சாப்பிட்டானா?” என்று கேட்டார். நீ தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலுக்காக உன்னை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். நான் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு என் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் வரவில்லை. பால் நிறுத்துக்கொண்டிருந்தபோதே மேசையில் சாய்ந்தாய். நான் ஓடி வந்தபோது பென்சில் இன்னும் விரலிடுக்கில் இருந்தது. நாற்பத்தொன்பது வயது. தொழிற்சாலைக்குப் போன் போட்டோம். உன் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவுதான்யா தூரம். உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன் என்னிடம், “அப்பா ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா வந்திருப்பேன் மாமா,” என்றான். கூப்பிடாவிட்டால் என்ன, நீயாக வந்திருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். உன் மனைவி பக்கத்தில் இருந்தார், விழுங்கிவிட்டேன்.

இப்போது அவனுக்கு அறுபது நெருங்குகிறது. உன் உடம்பு, உன் இனிப்பு நீர். அவன் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய் இரண்டு வருடம். அப்பனும் மகளும் பேசுவதில்லை. உன் மருமகள் தன் மகளுக்கென்று ஒரு தட்டு மூடிவைக்கிறாள். நேற்று, தன் தட்டைக் காலி செய்துவிட்டு, என் கண் முன்னாலேயே உன் மகன் அதன்மேல் கை வைத்தான். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கொட்ட முடியுமா மாமா?” என்றான்.

“காடிய எடு.”

“எங்க?”

“கிள்ளானுக்கு.”

“அவ கதவத் தொறக்க மாட்டா மாமா.”

“தொறக்காட்டி வெளிய நிப்போம். நீ எடுலா.”

தட்டை மூடியபடியே துண்டில் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். செரண்டாவைத் தாண்டும்போது பழைய தொழிற்சாலைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். ராவாங்கில் வேகம் குறைந்தது. “மாமா, ஒரு தே தாரேக் குடிச்சிட்டு…” என்று இழுத்தான். “நிறுத்தினா நான் எறங்கி நடந்தே போவேன்,” என்றேன். எழுபத்தேழு வயதுக் கிழவன் செய்தாலும் செய்வான் என்று நினைத்திருப்பான். நிறுத்தாமல் வேகத்தை மிதித்துவிட்டான்.

கதவைத் திறந்தவள் அப்பனைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துத் திறந்தாள். சோறு காய்ந்திருந்தது. ஒரு வாய் வைத்தாள், அப்புறம் உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டாள். உன் மகன் எதிரே வெறும் கையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளானுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.

அந்தத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ராவாங்கைத்தான் எங்கேயும் விட முடியவில்லை. நீ ஐந்து ரொட்டி சாப்பிட்டாய் என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மேசையில் நானும் இரண்டு சாப்பிட்டேன், கிராணி. பேருந்து நின்றபோது, என் கிளாசில் பாதித் தேநீர் இருக்கிறதே என்று நானும் எழுந்திருக்கவில்லை.