இரண்டு மடக்கு டீ

பிஷ்கெக், நவம்பர் 14

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று பள்ளியில் ஒரே கூத்து. ஆசிரியைகளில் நான்தான் சின்னவள், டீ ஊற்றுவது என் வேலை. திருத்த வேண்டிய நோட்டுகள் மலையாகக் கிடந்ததால், ஒரே சுற்றில் முடிக்க எல்லார் கிண்ணத்தையும் விளிம்புவரை நிரப்பிவிட்டேன்!

"ஏண்டி பெகிமாய், விருந்தாளியை வழியனுப்பற மாதிரி கிண்ணம் நிறைய ஊத்தி எங்களைக் கிளம்பச் சொல்றியா?" என்றார் மூத்த ஆசிரியை கனிஷாய் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு ஏனோ அழுதுவிட்டேன். அக்கா என் நோட்டுகளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உட்காருடி, மார்க்கு எங்கேயும் ஓடிடாது" என்று எனக்கு இரண்டு மடக்கு மட்டும் ஊற்றினார். ஒன்பது தடவை கிண்ணத்தை நீட்டினேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. கடையில் வாங்காதே, நீயே பின்னு.

மணி அடிக்கிறது, ஓட வேண்டும். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, நீ இரண்டிரண்டு மடக்காகவே ஊற்றிக்கொண்டிருந்தாய். நேரமாகிறதென்று உன்மேல் எரிந்து விழுந்தேன். அப்போதும் நீ என் கிண்ணத்தை நிரப்பவே இல்லை, அம்மா.

உன் பெகிமாய்