வரியின் மேல் விட்டால்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். பத்து மணிக்குப் போன மின்சாரம் ஒன்றரைக்குத்தான் வந்தது. சாம்பார் நேற்றையது. கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கஸ்தூரிக்காக விதிகளை எழுதி முடித்தாயிற்று. நாங்கள் இருவரும் செய்யும் குறிப்பு மென்பொருளில் வெறும் எழுத்து மட்டும்தான் நிற்கும். ஒரு வரி, அதில் அடங்கியது ஒரு படி உள்ளே தள்ளி அடுத்த வரி. படம் உள்ளே வராது; படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இணைப்பு மட்டும். அதைத் தட்டச்சு செய்வது வெள்ளிமலை விதைக் குழுப் பெண்களுக்குச் சிரமம். படத்தைச் சுட்டியால் இழுத்துவந்து விட்டால் இணைப்பு தானே விழ வேண்டும். எங்கே விழுவது? இதைத் தீர்மானிக்க ஒரு மாதம் ஆயிற்று.

1. வரியின் மேல் விட்டால், அந்த வரியில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இணைப்பு அதன் கீழே, ஒரு படி உள்ளே.
2. இரண்டு வரிக்கு நடுவே விட்டால், மேல் வரியின் அதே படியில்.
3. கோப்பு இருக்கும் இடம் முழுதாகத் தெரிய வேண்டும், மறைவு கூடாது.

மூன்றாவதை க. முதலில் ஏற்கவில்லை. அசிங்கமாக நீளும் என்றாள். பிறகு, "உங்களாண்ட எதையும் ஒளிக்க முடியாதுக்கா" என்று சிரித்தாள். ஆலையின் கணினிப் பிரிவில் என் கீழ் வேலை பார்த்தபோதும் இதே சிரிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். க. போன். "வெள்ளிக்கிழமை சங்கராபுரத்துல நம்ப வேலைய காட்டறதா இருந்துச்சே, அது தள்ளிப் போச்சாம்க்கா. நீங்க எதுக்கு பஸ்ல அலஞ்சிக்கினு? தேதி தெரிஞ்சா நானே வூட்டாண்ட வந்து கூட்டிக்கினு போறேன்."

மேடைக்கு என்று இஸ்திரி போட்ட ஊதாப் புடவை மறுபடி பீரோவில்.

மாலையில் வெள்ளிமலையிலிருந்து விதைக் குழுப் பொன்னம்மாள், போனில். முதல் விதியைச் சோதித்துப் பார்த்தாளாம். "படத்த சாமை பேரு மேலயே வுட்டேம்மா. பேரு அழியல. படம் கீழ மரியாதையா குந்திக்கிச்சு!"

அந்த விதியே அவள் வீட்டுத் தரையில் கிடைத்ததுதான். விதை மாற்றிக்கொள்ளும் நாளில் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதி, பெயரின் மேலேயே ஒரு பிடி விதை வைக்கிறார்கள். பக்கத்தில் வைப்பவர் ஒருவரும் இல்லை. படத்தையும் அப்படித்தான் விடுவார்கள் என்று அன்றே குறித்துக்கொண்டேன். க. அன்று வரவில்லை. மலை பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே அவளுக்கு வாந்தி, இறங்கித் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. வீட்டிலேயே. க.வுக்கு இரண்டு தடவை போன், எடுக்கவில்லை. காய்ச்சலோ என்னவோ.

ஆகஸ்ட் 9, சனி

சொட்டு மருந்து வாங்கியாயிற்று. பால் திரிந்துவிட்டது.

க. பென் டிரைவ் கொடுத்தனுப்பினாள், புதிய வடிவத்தைச் சோதிக்க. கூடவே அவள் கணினியிலிருந்து ஏதோ கோப்புகள். சீட்டில்: "எதையாவது இழுத்து வுட்டுப் பாருங்கக்கா." அவசரத்தில் ஒரு கோப்புறையை அப்படியே அள்ளிப் போட்டிருக்கிறாள்.

ஆறு கோப்பு சரியாக விழுந்தது. ஏழாவதை விட்டதும் வந்த வரி:

சங்கராபுரம்-வெள்ளிக்கிழமை-கூட்டம்/மேடையில்-காட்டியது

திறந்தேன். முதல் பக்கம்: வடிவமைப்பு, கஸ்தூரி. இரண்டாம் பக்கம் என் விதிகள், என் வார்த்தையில், என் காற்புள்ளி கூட அப்படியே. ஒன்பதாம் பக்கம் பொன்னம்மாள் வீட்டுத் தரை. நான் எடுத்த படம். ஓரத்தில் என் கால் கட்டைவிரல். அடியில்: "வெள்ளிமலையில் நான் நேரில் கண்டது."

எட்டாவது கோப்பு, சால்வை போர்த்திய க. பின்னால் பேனரில் நேற்றைய தேதி.

மூன்றாவது விதி ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

என் கணவர் இறந்த அன்று ஆலையிலிருந்து முதலில் வந்தவள் க. அதுவரை என்னை மேடம் என்பாள். அன்றுதான் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "அக்கா, எழுந்திருங்க" என்றாள். பன்னிரண்டு வருடம்.

மேடையைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

மதியம் சாப்பிடவில்லை. காபி இரண்டு தடவை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். பதினோரு மணிக்கு க., கையில் ஆப்பிள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒரு சிக்கல்க்கா. தப்பான எடத்துல வுட்டுட்டு வேணாம்னு திரும்ப எடுத்தா, எழுத்து எழுத்தா போவுது. பொன்னம்மா ஜாஸ்தி அழுத்திட்டு, அது எழுதி வெச்ச மேல் வரியும் போயிடுச்சுன்னு ஒரே கத்தல்."

"வெள்ளிமலைய நேர்ல பாத்தவதானே நீ. எத்தனாவது வளைவுல வாந்தி எடுத்த?"

ஆப்பிள் பையைப் பார்த்தாள்.

"ஒரு பேர்தான் போட முடியும்னாங்கக்கா. உங்களுக்கு வயசாயிடுச்சு, மேடையெல்லாம் எதுக்குன்னு..."

"புடவை இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன்."

அழுதாள். நான் பேனா எடுத்தேன். பதில் போன வாரமே தெரியும்: புது வரி, உள்தள்ளல், இணைப்பு மூன்றும் ஒரே செயலாகப் பதிவாக வேண்டும், அப்போது ஒரே அழுத்தில் மூன்றும் போகும். எழுதிக் கொடுத்தேன். க.வுக்காக அல்ல. பொன்னம்மாள் வரி அழியக்கூடாது. அடியில் முழுக் கையெழுத்து, தேதி.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க்கா" என்றாள்.

"மேடம்னு சொல்லு."

நின்றாள். "இன்னாக்கா இது..."

நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

"வரேங்க மேடம்."

ஆப்பிளை எடுத்துப் போகச் சொன்னேன்.

நான்கு மணிக்குத் திருத்திய வடிவம் அனுப்பினாள். சாமை வரியின் மேல் அந்தச் சால்வைப் படத்தை விட்டேன். கீழே, ஒரு படி உள்ளே, சரியாக விழுந்தது. வேண்டாம் என்று ஒரு தடவை அழுத்தினேன். முழுதாகப் போயிற்று. சாமையில் ஓர் எழுத்தும் அசையவில்லை.