போதகர் ஓடை தாண்டிய விதம்

அன்புள்ள ஞானபாக்கியத்துக்கு,

ஆண்டவர் தயவில் உத்தமபாளையத்தில் நான் சுகம். உன் மூச்சிளைப்பு எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு நிலோபர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

போன ஞாயிறு எங்கள் போதகர் யோர்தானைப் பற்றிப் பிரசங்கித்தார். கர்த்தரின் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்கள் தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் ஆறு நின்று வழிவிட்டதாம். சபையை நடத்துகிறவன் முதலில் இறங்க வேண்டுமாம். மேசையைக் குத்திச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் கிழவிக்கு அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஓடையில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் இறங்கி அக்கரை போய்விட்டார்கள். பிரசங்கம் செய்தவர் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி இக்கரையில் நிற்கிறார்! அங்கி நனைந்தால் ஊழியம் கெட்டுவிடும் போல. காலராவில் செத்தவர்களைத் தன் தோளில் தூக்கினாரே நம் ஊர்ப் பழைய உபதேசியார், அவரும் இவரும் ஒரே வேதத்தைத்தான் படித்தார்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கிழவியின் மகன் அக்கரையிலிருந்து கத்தினான்.

"ஐயா, வாறீகளா, இல்ல நாங்களே மண்ணத் தள்ளிரவா?"

கோயிலில் மணியடிக்கிறவன் நான்தானே. தன்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி என்னிடம் சொன்னார். கிழவிக்காகத் தூக்கினேன். நடு ஓடையில் கேட்டேன்:

"ஆசாரியருக பெட்டியச் சுமந்தாக. அவுகள யாரு சுமந்தாக, ஐயா?"

"கீழ்ப்படிதல் வேணும்யா. பேசாம நடங்க."

பயப்படாதே, தோள்வலி மட்டும்தான். நீ காய்ச்சும் எண்ணெய் கொடுத்துவிடு. தேய்த்துவிட ஆளில்லை.

நிலோபரை அவள் அம்மா கூப்பிடுகிறாள். நம் மகனிடம் சொல்லிவை, எனக்கு ஏதாவது ஆனால் வண்டி பிடித்து நம் ஊருக்கே கொண்டுபோகட்டும். இங்கே அடக்கம் என்றால் போதகரைச் சுமக்க ஆள் கிடையாது.

உன்
மாசிலாமணி